ஒப்புரவு வேறு, ஈகை வேறு

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கும் நிலையத்தின் பெயர்ப் பலகையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று எழுதியிருக்கிறது. பேச்சில் அது வெறும் 'சானடோரியம்'. மெப்ஸ் ஏற்றுமதி மண்டல வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போகிறவர்களும் அங்கேதான் இறங்குகிறார்கள். ஒரு நோயால் அந்த இடத்துக்கு வந்த பெயர் அது. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளிகளுக்காக ஒரு சிறிய மருத்துவ விடுதியைத் தொடங்கினார். அதற்கு முன்பு இங்கிலாந்தில், சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் இதே போன்ற ஒரு சானடோரியத்தை நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜன் 1917-ல் காசநோய் என்ற சந்தேகத்தின் பேரில் சில காலம் அங்கே தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டார். 1914-ல் சீமைக்குப் போன கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்தவர்கள். 1937-ல் தாம்பரத்து விடுதியைச் சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது 700-க்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நாடுகள் ஒன்றுக்கொன்று என்ன கடமைப்பட்டிருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலும் ஜெனீவாவையும் நியூயார்க்கையும் நோக்கிக் கை நீட்டுகிறோம். அந்தக் கேள்விக்கு இந்தப் புறநகரின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது என்பது என் வாதம்.

கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கு வள்ளுவரிடம் போக வேண்டியிருக்கிறது. திருக்குறளில் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23-ஆம் அதிகாரம் ஈகை. அடுத்தடுத்து வைத்தாலும் இரண்டையும் அவர் ஒன்றாக்கவில்லை. ஈகையில் கொடுப்பவன் உள்ளவன், வாங்குபவன் இல்லாதவன். கொடுப்பவனின் மனம் இரங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகள் வேறு மாதிரியானவை: ஊரார் குடிக்கும் நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகப் பயன்படும் மரம். இவற்றிடம் யாரும் கையேந்துவதில்லை. ஊரில் இருப்பவனுக்கு அவற்றின் மேல் ஓர் உரிமை இருக்கிறது. அந்த அதிகாரத்தின் முதல் குறளிலேயே கைம்மாறு எதிர்பார்க்காத மழையைக் காட்டிவிடுவதால், கொடுக்கல் வாங்கல் கணக்கும் அதற்குள் வராது. ஆக, மனிதர்களிடையே மூன்று விதமான உறவைப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று வியாபாரம், அதில் கணக்கு உண்டு. இன்னொன்று ஈகை, அதில் இரக்கம் உண்டு. மூன்றாவது ஒப்புரவு, அதில் பொதுவில் வாழ்வதால் வரும் கடமை உண்டு. பரிமேலழகர் இதை உலகநடை என்கிறார். அறநூல்கள் விதித்துச் செய்வது அல்ல, தாமே அறிந்து செய்ய வேண்டியது என்ற பொருள்பட விளக்குகிறார். நாடுகளுக்கு மேலே தண்டிக்கும் அரசன் யாரும் இல்லாத உலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. உலகளாவிய துன்பங்களுக்கு நாடுகள் சேர்ந்து செய்ய வேண்டியது ஒப்புரவு. நாம் அதை ஈகையாகவும் வியாபாரமாகவும் நடத்துகிறோம், அதனால்தான் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

சான்றுக்கு 1956-க்குப் போவோம். அந்த ஆண்டு சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதற்குப் பொறுப்பேற்றார். கேள்வி எளிமையானது. காசநோயாளியை மாதக் கணக்கில் சானடோரியத்தில் வைத்து, நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பியிருந்தது. ஆனால் இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகள் போட எந்த அரசாலும் முடியாது. அப்படியானால் வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டால் போதாதா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு, தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. வீட்டில் இருப்பவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய் மீதி மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. குணமடைந்தவர்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அவர்களுக்குத் தொற்றியதெல்லாம் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே நிகழ்ந்திருந்தது.

இந்த ஒரு முடிவு உலகத்தின் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதில் சென்னையின் பங்கு பெரியது. மேற்பார்வையில் மாத்திரை கொடுப்பது, வாரம் இருமுறை மட்டும் கொடுப்பது ஆகியவையும் அடுத்த ஆண்டுகளில் இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டன. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்த நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வேர் இங்கே இருக்கிறது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கிருமியைக் கண்டுபிடித்தவர் பெர்லினில் ராபர்ட் கோக், 1882-ல். ஸ்ட்ரெப்டோமைசின் அமெரிக்காவிலிருந்து வந்தது. பாஸ் எனப்படும் மருந்தைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர் ஸ்வீடனில் இருந்த லேமன். ஐசோனியசிட் 1952-ல் அமெரிக்க, ஜெர்மன், ஸ்விஸ் நிறுவனங்களின் ஆய்வகங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளிப்பட்டது. அவற்றை ஏழைகள் வாழும் நிலைமையில் எப்படிப் பயன்படுத்துவது என்ற அறிவு சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து போனது. இதில் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்? நியூயார்க்கிலோ லண்டனிலோ வீட்டில் படுத்தபடி குணமான ஒரு நோயாளி, புளியந்தோப்பு மாதிரியான ஒரு பகுதியில் வாழ்ந்த முகம் தெரியாத தொழிலாளிக்குக் கடன்பட்டிருக்கிறார். கடன்பட்டது அவருக்கே தெரியாது, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. வியாபாரம் என்று இதைச் சொல்ல முடியாது. ஈகை என்றும் சொல்ல முடியாது. அந்தத் தொழிலாளி கொடையாளி அல்ல, நோயாளிதான்.

அடுத்த உதாரணம் இன்னும் கனமானது. தாம்பரத்தையும் உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்களில் 1968 முதல் பி.சி.ஜி. தடுப்பூசியின் பலனை அளக்கும் மாபெரும் ஆய்வு நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான, கசப்பான முடிவு. ஆனாலும் புதிய தடுப்பூசிகளைத் தேடும் ஒவ்வொரு ஆய்வாளரும் அந்த முடிவிலிருந்துதான் இன்றும் தொடங்குகிறார். தங்கள் கைகளை நீட்டிய அந்தக் கிராமத்தார்களுக்கு நேரடியாகக் கிடைத்தது என்ன என்று கேட்டால், மிகக் குறைவு என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் குறைவைப் பார்த்தபிறகும் உலக ஒத்துழைப்பைச் செல்வந்த நாடுகளின் தயவு என்று பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த வாதத்துக்கு ஆட்சேபங்கள் உண்டு. முதல் ஆட்சேபம் அறிவார்ந்தது, அதனால் அதையே முதலில் எடுக்கிறேன். அறம், ஒப்புரவு என்றெல்லாம் எதற்கு, ஒவ்வொரு நாடும் தன் நலத்தைச் சரியாகப் புரிந்துகொண்டாலே போதும், தொற்று எல்லை தாண்டும் என்று தெரிந்தால் பக்கத்து நாட்டுக்கு உதவுவார்கள் என்பது அது. பல சமயம் இது பலிக்கவும் செய்யும். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பனிப்போரின் நடுவில் பெரியம்மை ஒழிப்பில் ஒத்துழைத்தன. ஆனால் தன்னலம் எங்கே நின்றுவிடும் என்பதற்கும் காசநோய்தான் சாட்சி. பணக்கார நாடுகளில் நோய் குறைந்தது. அதோடு அங்கே அக்கறையும் குறைந்தது. 1960-களில் வந்த ரிஃபாம்பிசினுக்குப் பிறகு, 2012-ல் பெடாகுவிலின் அனுமதி பெறும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காசநோய்க்கென்று புதிய வகை மருந்து ஒன்றும் பயன்பாட்டுக்கு வரவில்லை. அந்த நாற்பது ஆண்டுகளில் செத்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள். 1980-களின் இறுதியில் நியூயார்க்கில் நோய் மறுபடி தலைதூக்கி, மருந்துக்கு அடங்காத வகையும் பரவியபோதுதான் தூக்கம் கலைந்தது. 1993-ல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலகளாவிய அவசர நிலை என்று அறிவித்தது. இன்றும், 2023-ல் மட்டும், உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு இந்நோய் வந்தது, 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கும் மேல் இந்தியர். தன்னலம் தன் வாசலுக்கு வரும் ஆபத்தைத்தான் பார்க்கும். வாசலுக்கு வராமல் அடுத்த தெருவிலேயே தங்கிவிடும் ஆபத்துக்கு அது பதில் சொல்லாது. ஆகவே வியாபாரக் கணக்கு ஒப்புரவுக்குத் துணையாக வரலாம், ஆனால் ஒப்புரவின் இடத்தில் அதை உட்கார வைக்க முடியாது.

தாம்பரத்துக்கு இரண்டாவது நோய் 1990-களில் வந்தது. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்திருந்தார்கள். எய்ட்ஸ் நோயாளி என்றால் மற்ற மருத்துவமனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில், அவர்களில் பலருக்குக் காசநோயும் சேர்ந்தே வந்ததால், சானடோரியம் கதவைத் திறந்தது. தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும் வந்து குவிந்தார்கள். நாட்டிலேயே மிகப் பெரிய எய்ட்ஸ் பராமரிப்பு மையங்களில் ஒன்றாக அது ஆனது. ஆனால் அங்கே அப்போது கொடுக்க முடிந்தது இடைத்தொற்றுகளுக்கான மருந்தும் ஆறுதலும்தான். வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து 1996 முதல் மேலைநாடுகளில் மரணத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. ஒரு நோயாளிக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கும் மேல். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல் செய்முறைக்கு மட்டும் தந்த 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. அதே ஆண்டு நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பு, பொதுமக்களின் உடல்நலத்தைக் காக்க நாடுகள் காப்புரிமையைத் தாண்டலாம் என்று ஒப்புக்கொண்டது. 2002-ல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் பிறந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. அந்த எட்டில் ஒன்று தாம்பரம். பாரிஸில் வைரஸைக் கண்டுபிடித்தது, அமெரிக்காவில் மருந்துகளைக் கண்டது, டெல்லியில் இயற்றிய சட்டம், மும்பையின் ஆலை, தென்னாப்பிரிக்காவின் வீதிகளில் நோயாளிகள் நடத்திய போராட்டம், தோஹாவில் போட்ட கையெழுத்து, இவை அத்தனையும் ஒரு மாத்திரைக்குள் அடங்கி ஜி.எஸ்.டி. சாலையோர மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தன. இதில் எந்த ஒன்றை உருவினாலும் அந்த மாத்திரை வந்திருக்காது.

'முதலில் நம் ஜனங்களைப் பார்ப்போம், அப்புறம் உலகத்தைப் பார்க்கலாம்' என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். அரைச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்குத் தூரதேசத்துத் துயரத்தைப் பற்றிப் பாடம் எடுப்பது அறம் ஆகாது. ஒப்புரவும் ஊரிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் நம் ஜனங்களை மட்டும் தனியே பார்க்க முடியும் என்ற அனுமானத்தைத் தாம்பரத்தின் வரலாறு உடைத்துவிட்டது. 'முதலில்', 'அப்புறம்' என்று வரிசை போட முடிவது, இரண்டும் தனித்தனி வேலைகளாக இருந்தால்தான். ஆந்திர நோயாளிகளைச் சானடோரியம் திருப்பி அனுப்பவில்லை. அதனால் தமிழ்நாடு இழந்ததாக யாரும் காட்ட முடியாது. அத்தனை நோயாளிகளைப் பார்த்துப் பெற்ற அனுபவம் இங்கேயே தங்கியது. 2022-ல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தையும் பாருங்கள். புதிதாக நோய் கண்ட ஒவ்வொருவரையும் அரசு ஊழியர் முதல் நாளே சோதிக்கிறார்: உடல் எடையும் உயரமும், கால் வீக்கம், மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிறர் தாங்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. எக்ஸ்ரேயும் பெரிய கருவியும் இல்லாமல், ஆபத்தில் இருப்பவரை அடையாளம் கண்டு உடனே மருத்துவமனையில் சேர்க்கும் வழி இது. நம் ஜனங்களுக்காகச் செய்தது, சாம்பியாவின் சுகாதார நிலையத்துக்கும் அப்படியே உதவும். 1959-ல் நடந்தது போலவே, ஊருக்குச் செய்ததை உலகத்துக்கும் திறந்து வைப்பதில் ஊருக்கு நட்டம் எதுவும் இல்லை.

சமயத்தின் பக்கத்திலிருந்தும் ஓர் ஆட்சேபம் உண்டு. மேடையில் சொல்லப்படுவதில்லை, திண்ணையில் சொல்லப்படுகிறது: அவரவர் வினை, அவரவர் அனுபவிக்கிறார், இதில் நாடு விட்டு நாடு போய்த் தலையிட நாம் யார்? வினைக் கொள்கையை முழுமனதோடு ஏற்ற தமிழ்க் காப்பியம் மணிமேகலை. பௌத்தத்தின் பன்னிரு நிதானங்களை, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் சங்கிலியை, விரித்துச் சொல்லும் நூலும் அதுவே. அந்த நூலின் நாயகி அமுதசுரபியை ஏந்தி எங்கே போகிறாள்? சிறைக்கூடத்துக்கு. அங்கே இருப்பவர்கள் தங்கள் செயலின் பலனை அனுபவிப்பவர்கள் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அவர்களுக்குச் சோறு போடுகிறாள், பிறகு மன்னனிடம் கேட்டு அந்தச் சிறையையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள். வினையை நம்புவது கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் ஆகாது என்பதற்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை. காரணச் சங்கிலியைக் கண்டவளுக்குத்தான், துன்பத்தை எங்கே அறுக்கலாம் என்றும் தெரிகிறது. ஈகைக்கும் கடமைக்கும் நடுவே வள்ளுவர் போட்ட கோடு பிற சமயங்களிலும் இருக்கிறது. இஸ்லாத்தில் சதகா விருப்பக் கொடை, ஜகாத் விதிக்கப்பட்ட கடமை, செல்வத்தில் ஏழைக்கு உள்ள உரிமை. இரண்டையும் குழப்பிக்கொள்ள எந்த முஸ்லிமும் சம்மதிக்கமாட்டார்.

சமய நல்லெண்ணம் மட்டும் போதுமா என்ற கேள்விக்கும் தாம்பரத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1938 டிசம்பரில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த மறு ஆண்டு, உலகக் கிறிஸ்தவச் சபைகளின் பெரும் மாநாடு ஒன்று அந்த வளாகத்தில் நடந்தது. சீனாவின் ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்த மாநாடு அது. ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்ததால் இங்கே மாற்றப்பட்டது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 470 பேர் வரை வந்தார்கள். இரு பக்கமும் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில் சீனரும் ஜப்பானியரும் பிரதிநிதிகளாக வந்து கலந்துகொண்டார்கள். பிற சமயங்களைக் கிறிஸ்தவம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அங்கே கிளம்பிய விவாதம் இறையியலாளர்களிடையே பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த அன்பு பொய்யல்ல. ஆனால் ஒன்பது மாதத்தில் உலகப் போர் மூண்டது. சகோதரர்களாக உணர்வது ஒன்று, ஒரு வேலையைச் சேர்ந்து சுமப்பது வேறொன்று. 1938-ல் தாம்பரத்தில் கூடியவர்களிடம் உணர்வு இருந்தது, அதைத் தாங்குவதற்கான அமைப்பு இல்லை. 1956-ல் சேத்துப்பட்டில் நான்கு நிறுவனங்கள் ஒரே பதிவேட்டைப் பகிர்ந்துகொண்டன. அங்கே யாரும் பெரிதாக எதையும் பிரகடனம் செய்யவில்லை, மாத்திரைகளை எண்ணினார்கள். உலக ஒற்றுமை பற்றிய நம் பேச்சில் 1938-இன் உணர்ச்சி நிறைய, 1956-இன் ஒழுங்கு குறைவு. கணியன் பூங்குன்றனாரின் வரியை ஐக்கிய நாடுகள் சபையில் சொல்லக் கேட்டுக் கைதட்டிவிட்டு அத்தோடு விட்டுவிடுவதும் இந்தக் குறைதான்.

கடைசி ஆட்சேபம்தான் எனக்கு மிக வலுவாகப் படுகிறது. 'ஒத்துழைப்பு' என்பது பலமுள்ளவன் பலமில்லாதவனைப் பயன்படுத்திக்கொள்ளும் நாகரிகமான வழி என்பது அது. சான்றும் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் பரவியபோது இந்தோனேசியா தன் நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தது. அதிலிருந்து தனியார் நிறுவனங்கள் செய்யும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாத விலையில் இருக்கும் என்று தெரிந்ததும் 2007-ல் கொடுப்பதை நிறுத்தியது. பலரும் கண்டித்தார்கள். ஆனால் அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. வைரஸைக் கொடுப்பது பொதுக் கடமை, தடுப்பூசி மட்டும் தனிச் சொத்து என்றால், பாதி ஊருணியில் வேலி போட்டது போலத்தான். பிறகு 2025 ஜனவரி. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்திவைத்து, உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. மருந்தை வாங்கிச் சாப்பிட்டு வந்தவர்கள் மறுநாள் மருந்தகம் திறந்திருக்குமா என்று தெரியாமல் நின்றார்கள். இருபது ஆண்டுகளாக அந்த உதவி லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது உண்மை, அதற்கு நன்றி உண்டு. ஆனால் ஈகையின் இயல்பே இதுதான்: கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். பருவநிலைப் பேரழிவால் பாதிக்கப்பட்ட நாடுகளுக்காக 2022-ல் எகிப்தில் ஒப்புக்கொண்ட இழப்பீட்டு நிதியும், விருப்பமுள்ளவர்கள் போடலாம் என்ற அளவிலேயே நிற்கிறது. ஆகவே இந்த ஆட்சேபம் என் வாதத்தை முறிப்பதற்குப் பதிலாக உறுதிப்படுத்துகிறது. ஒத்துழைப்பு ஏமாற்றியது என்று சொல்லப்படும் ஒவ்வொரு இடத்திலும், ஒப்புரவாக இருக்க வேண்டியது ஈகையாகவோ வியாபாரமாகவோ நடத்தப்பட்டிருக்கிறது.

ஒப்புரவாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு வந்த பெடாகுவிலினை ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விற்றது. மூலக் காப்புரிமை 2023-ல் முடிய இருந்த நிலையில், மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு காப்புரிமை கேட்டு அந்த நிறுவனம் இந்தியாவில் விண்ணப்பித்தது. கிடைத்திருந்தால் மலிவான மருந்து இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும். இந்தியாவின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் சேர்ந்து அதை எதிர்த்து மனுப் போட்டார்கள். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய ஊசி மருந்துகளின் நச்சால் இருவருமே செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. இனி யாருக்கும் செவி போகக்கூடாது என்பதற்காக அவர்கள் வழக்காடினார்கள், தாங்கள் இழந்தது திரும்பி வராது என்று தெரிந்தே. கைம்மாறு கருதாத கடமை என்று வள்ளுவர் எதைச் சொன்னார் என்று புரிந்துகொள்ள, நம் காலத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சரியான எடுத்துக்காட்டு இந்த மனு.

இதுவரை நாம் வாங்கும் இடத்தில் இருந்து பேசினோம். கொடுக்கும் இடத்திலும் இந்தியா இன்று இருக்கிறது, அங்கே கேள்வி நம்மைப் பார்த்துத் திரும்புகிறது. 2021 ஜனவரியில் இந்தியா பல நாடுகளுக்கு கோவிட் தடுப்பூசி அனுப்பியது. இரண்டாவது அலை அடித்ததும் ஏற்றுமதியை ஏறத்தாழ நிறுத்தியது. அந்த ஊசிகளை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் மாதக் கணக்கில் காத்திருந்தன. சென்னையிலும் தாம்பரத்திலும் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற அந்த நாட்களில் வேறு முடிவு எடுத்திருக்க முடியுமா என்று கேட்டால், எந்த அரசுக்கும் கடினம் என்பேன். ஆனால் அந்தக் கடினம் தானாக வந்ததல்ல. நெருக்கடிக்கு முன்பே பங்கீட்டு விதி எழுதப்படாததால் வந்தது. 2020 அக்டோபரிலேயே காப்புரிமை விலக்கு கேட்டு இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டிருந்தன. 2022 ஜூனில் வந்த முடிவு நீர்த்துப்போயிருந்தது. இதே காலத்தில் செங்கல்பட்டு அருகே மத்திய அரசு நிறுவனம் கட்டிய தடுப்பூசி வளாகம் உற்பத்தி இல்லாமல் கிடந்தது. தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்த ஆலை ஓடியிருந்தால், ஊருக்கா உலகத்துக்கா என்ற தேர்வே அத்தனை கூர்மையாக எழுந்திருக்காது.

அந்தப் பங்கீட்டு விதியைத்தான் நாடுகள் பெருந்தொற்று உடன்படிக்கையாக எழுத முயல்கின்றன. 2025 மே மாதம் உலக சுகாதாரச் சபை அதை ஏற்றது. அடுத்த பெருந்தொற்றில், பங்கேற்கும் உற்பத்தியாளர்கள் தங்கள் தடுப்பூசி, மருந்து, சோதனைக் கருவிகளில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது இலக்கு. அதில் குறைந்தது 10 விழுக்காடு இலவசம், மீதி கட்டுப்படியாகும் விலையில். கிருமி மாதிரியைக் கொடுக்கும் நாட்டுக்கு அதிலிருந்து விளையும் பலனில் பங்கு எப்படி என்பதை ஓர் இணைப்பாகத் தனியே எழுத வேண்டும். அது முடிந்தால்தான் உடன்படிக்கை கையொப்பத்துக்கே வரும். 2007-ல் இந்தோனேசியா கேட்ட கேள்வியின் நேரடியான வாரிசு அந்த இணைப்பு. மருந்து செய்யும் நாடு, மருந்து தேவைப்படும் நாடு ஆகிய இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கும் நாடுகள் உலகில் சிலவே. இந்தியா அவற்றில் முதன்மையானது. நம் ஆலைகளுக்கு விதிவிலக்கு தேடாமல், அந்தப் பங்கீட்டை விருப்பமாக விடாமல் ஒப்பந்தக் கடமையாக எழுதச் சொல்லி இந்தியப் பிரதிநிதிகள் வாதாட வேண்டும். சேத்துப்பட்டின் நோயாளிகளும் திருவள்ளூர் கிராமத்தாரும் தங்கள் பங்கை எந்த ஒப்பந்தமும் இல்லாமலேயே முன்கூட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்பதை அந்த மேசையில் உரக்கச் சொல்லும் தகுதி நமக்கு உண்டு.